சண்டை ரோபோ செய்யும் மெக், ட்ரிபிள் ஈ மாணவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரோபோக்கள் அரங்கில் மோதிக்கொள்ளும் ரோபோ வார் போட்டிக்கு அணி சேர்க்கும்போது மெக்கிலிருந்து (மெக்கானிகல்) நாலு பேர், ட்ரிபிள் ஈயிலிருந்தோ (எலக்ட்ரிகல் அண்ட் எலக்ட்ரானிக்ஸ்) ஈசிஈயிலிருந்தோ (எலக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன்) மூணு பேர் என்று எடுத்துவிட்டு வேலையை நடுவில் கோடு போட்டுப் பிரித்துவிடுகிறார்கள். அரங்கில் ரோபோ நின்றுபோவது பெரும்பாலும் அந்தக் கோட்டின் மேல்தான். டிஸ்க் உடையாது, போர்டும் எரியாது, ஆனால் இரண்டுக்கும் நடுவில் போகும் ஒரு வயர் ஏதோ ஒரு விளிம்பில் உரசி அறுந்திருக்கும்.

கணக்குகள் குழம்பாமல் இருக்க, பக்கம் முழுவதும் ஒரே ரோபோவை உதாரணமாக வைத்துக்கொள்கிறேன். 15 கிலோ பிரிவு, ஆயுதமாக முன்னால் செங்குத்தாகச் சுழலும் ஸ்டீல் டிஸ்க், ஓடுவதற்கு இரண்டு சக்கரம், 6 செல் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி. உங்கள் ரோபோ வேறு மாதிரி இருந்தால் எண்களை மாற்றிக்கொள்ளுங்கள், கேள்விகள் மாறாது.

யார் முதலில் ஆரம்பிக்க வேண்டும்? மெக்கா, எலக்ட்ரிகலா?

இரண்டு பேரும் ஒரே நாளில், ஒரே தாளில். நம் கல்லூரிகளில் வழக்கமாக நடப்பது வேறு: மெக் அணி மாதக்கணக்கில் கேட் (கம்ப்யூட்டரில் போடும் வடிவமைப்புப் படம்) வரைந்து, பிளேட்டெல்லாம் வாட்டர்ஜெட்டில் வெட்டக் கொடுத்தபிறகு, "இந்த இடம் மிச்சம் இருக்கு, இதுக்குள்ள எலக்ட்ரானிக்ஸை வெச்சுக்கோங்க" என்று எலக்ட்ரிகல் அணியிடம் சொல்வது. அந்த மிச்ச இடம் எப்போதும் கோணல்மாணலாக, டிஸ்க்குக்கு நேர் பின்னால், திருகுகளின் முனை நீட்டிக்கொண்டிருக்கும் இடமாக இருக்கும். பேட்டரிக்கு அதைவிட மோசமான இடம் கிடையாது.

கேட் திறப்பதற்கு முன் ஒரு மாலை உட்கார்ந்து நான்கு விஷயம் முடிவு செய்தால் போதும்: பேட்டரி எத்தனை செல், டிஸ்கில் எவ்வளவு ஆற்றல் வேண்டும், எந்தப் பகுதிக்கு எத்தனை கிராம், வயர் எந்த வழியாகப் போகும். நாலாவதைத்தான் எல்லோரும் தள்ளிப்போடுகிறார்கள். கேட் படத்தில் வயர் தெரிவதில்லை, அதனால் அதற்கு இடமும் விடுவதில்லை. 10 ஏடபிள்யூஜி (வயர் தடிமனைக் குறிக்கும் அளவு) சிலிகான் வயர் ஒன்று வெளி உறையோடு சுமார் ஐந்தரை மில்லிமீட்டர் தடிமன். அதை மடக்கவும் இடம் வேண்டும், கனெக்டரைப் பிடித்துக் கழற்ற விரல் நுழையவும் இடம் வேண்டும்.

எடையை எப்படிப் பங்கு போடுவது?

நான் சொல்லும் ஆரம்பப் பங்கு இதுதான். 15 கிலோவில் ஆயுதத்துக்கும் அதன் மோட்டார், ஷாஃப்ட், பேரிங்குக்கும் ஐந்து கிலோ, சட்டத்துக்கும் கவசத்துக்கும் ஐந்து, ஓட்டத்துக்கு இரண்டரை, பேட்டரி, ஈஎஸ்சி (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் போர்டு), வயர், ஸ்விட்ச் எல்லாம் சேர்த்து ஒன்றரை. மீதி ஒரு கிலோவை யாரும் தொடக்கூடாது. கடைசி வாரத்தில் ஒரு தடுப்புத் தகடு, கொஞ்சம் நீளமான போல்ட், பேட்டரிக்கு ஒரு ஃபோம் என்று அந்த ஒரு கிலோ தானாகப் போய்விடும்.

எலக்ட்ரிகல் பக்கம் தங்கள் பொருட்களை வயரோடு, கனெக்டரோடு, ஹீட்ஷ்ரிங்க் ஸ்லீவோடு எடைபோட்டுச் சொல்ல வேண்டும். டேட்டாஷீட்டில் போட்டிருக்கும் எடை வெறும் போர்டின் எடை.

டிஸ்க் எவ்வளவு பெரிது, எவ்வளவு வேகம்? மோட்டாரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாமா?

கூடாது. டிஸ்க்கும் மோட்டாரும் ஒரே கணக்கின் இரண்டு பக்கம், சேர்ந்து போடுங்கள்.

25 செமீ விட்டம், 9 மிமீ தடிமன் ஸ்டீல் தகடு என்றால் கிட்டத்தட்ட 3.5 கிலோ. முழு வட்டமாக வைத்தால் அதன் சுழல் நிலைமம், அதாவது எடையில் பாதியை ஆரத்தின் வர்க்கத்தால் பெருக்கினால், 0.027 கிலோகிராம் சதுரமீட்டர் பக்கம் வரும். அதை 6000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 6000 சுற்று) சுற்றினால் சேரும் ஆற்றல் சுமார் 5400 ஜூல், டிஸ்கின் விளிம்பில் எதிரியை அடிக்கும் பல்லின் வேகம் மணிக்கு 280 கிமீ. வேகம் இரண்டு மடங்கானால் ஆற்றல் நாலு மடங்கு என்பதால் உடனே எல்லோருக்கும் 10,000 ஆர்பிஎம் ஆசை வரும். அங்கே கொஞ்சம் நில்லுங்கள், இரண்டு தடை இருக்கிறது.

முதலாவது விதிமுறை. அமெரிக்காவின் பேட்டில்பாட்ஸ் என்ற ரோபோ சண்டைப் போட்டி பல்லின் வேகத்துக்கு மணிக்கு 250 மைல், அதாவது 400 கிமீ என்று வரம்பு வைத்திருக்கிறது. நம் ஊர்ப் போட்டிகளின் விதிப்புத்தகத்தில் என்ன போட்டிருக்கிறது என்று முதலில் படியுங்கள். இரண்டாவது, கடி ஆழம். ரோபோ விநாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் எதிரியை நோக்கிப் போகிறது, டிஸ்க் 6000 ஆர்பிஎம், அதாவது விநாடிக்கு 100 சுற்று, ஒரே பல். ஒரு சுற்றுக்குள் எதிரி 5 செமீ உள்ளே வந்துவிடுவான், பல் அந்த ஆழம்வரை கடிக்கலாம். இரண்டு பல் இருந்தால் ஆழம் பாதி. டிஸ்கின் வேகத்தை இரட்டிப்பாக்கினாலும் பாதி. எதிரியைக் கடிக்காமல் சுரண்டிக்கொண்டு நிற்கும் டிஸ்கில் எத்தனை ஆயிரம் ஜூல் இருந்தும் பயனில்லை. ஆக, ஆயுதத்தின் கடி ஓட்ட மோட்டாரின் வேகத்தைப் பொறுத்தது. டிஸ்க் வரைபவருக்கு அந்த எண்ணை எலக்ட்ரிகல் பக்கம்தான் கொடுக்க முடியும்.

கேவி, புல்லி விகிதம் யார் தீர்மானிப்பது?

கேவி என்பது ஒரு வோல்ட்டுக்கு மோட்டார் எத்தனை ஆர்பிஎம் சுற்றும் என்ற எண். எலக்ட்ரிகல் அணி கேவி தேர்ந்தெடுக்கிறது, மெக் அணி புல்லி தேர்ந்தெடுக்கிறது, இரண்டு பேரும் பேசிக்கொள்வதில்லை. இதனால் டிஸ்க் சுற்றவே சுற்றாத ரோபோக்களும் உண்டு, சுற்ற ஆரம்பித்து ஈஎஸ்சியிலிருந்து புகை வந்த ரோபோக்களும் உண்டு.

நம் ரோபோவுக்குக் கணக்கு இப்படி வரும். 6 செல் பேட்டரி சராசரியாக 22.2 வோல்ட், 500 கேவி மோட்டார் என்றால் சுமையில்லாமல் 11,100 ஆர்பிஎம். டிஸ்க் 6000-த்தில் ஓட வேண்டுமானால், சுமையில் குறைவதையும் சேர்த்து, விகிதம் 1.7-க்கு 1. இப்போது முறுக்கு விசை: 9.55-ஐ கேவியால் வகுத்தால் ஒரு ஆம்பியருக்கு எத்தனை நியூட்டன்-மீட்டர் என்று கிடைக்கும், இங்கே 0.019. மோட்டாருக்கு 100 ஆம்பியர் என்று வரம்பு வைத்தால் மோட்டாரில் 1.9, டிஸ்கில் 3.2 நியூட்டன்-மீட்டர். நின்ற நிலையிலிருந்து முழு வேகம் பிடிக்க ஐந்தரை விநாடி. காற்றின் தடை, பெல்ட் இழப்பு, பேட்டரி வோல்டேஜ் இறங்குவது எல்லாம் சேர்த்து ஏழெட்டு விநாடி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று நிமிடச் சண்டையில் ஒவ்வொரு அடிக்குப் பிறகும் ஏழெட்டு விநாடி டிஸ்க் பாதி உயிரோடுதான் இருக்கும். அது உங்கள் டிரைவருக்குச் சம்மதமா? இல்லையென்றால் டிஸ்கின் எடையைக் குறைப்பதா, ஈஎஸ்சியின் ஆம்பியரைக் கூட்டுவதா, வேகத்தைக் குறைப்பதா? மூன்றுமே சரியான விடைகள். எதை எடுப்பது என்று இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

பேட்டரி எவ்வளவு பெரிதாக வேண்டும்?

பயப்படும் அளவுக்குப் பெரிதாக வேண்டாம். 6 செல், 5000 எம்ஏஎச் பேட்டரியில் இருப்பது சுமார் 4 லட்சம் ஜூல். டிஸ்கை ஒரு முறை முழு வேகத்துக்குக் கொண்டுபோக, வீணாவதையும் சேர்த்து 11,000 ஜூல் போகும். பதினைந்து பலமான அடி அடித்தாலும், ஓட்டத்துக்கும் காற்றுத் தடைக்கும் கணக்கு வைத்தாலும், பாதியைக் கொஞ்சம் தாண்டும். உண்மையான கேள்வி கொள்ளளவைப் பற்றியது இல்லை, ஒரே நேரத்தில் எத்தனை ஆம்பியர் கொடுக்கும் என்பது. டிஸ்க் வேகம் பிடிக்கும் அதே நொடியில் டிரைவர் முன்னால் பாய்ந்தால் 100 ஆம்பியரைத் தாண்டிவிடும். பேட்டரி மேல் அச்சிட்டிருக்கும் சி எண்ணை (கொள்ளளவைப்போல் எத்தனை மடங்கு ஆம்பியர் கொடுக்கும் என்ற எண்) அப்படியே நம்பாமல், சுமை கொடுத்து வோல்டேஜ் எவ்வளவு இறங்குகிறது என்று அளந்து பாருங்கள். அளந்த எண்ணை மெக் அணியிடமும் சொல்லுங்கள், வோல்டேஜ் இறங்கினால் அவர்கள் போட்ட ஆர்பிஎம் கணக்கும் இறங்கும்.

டிஸ்க் சுற்றும்போது திரும்பினால் ஒரு சக்கரம் தூக்குகிறது. இது யாருடைய பிரச்சினை?

இது எனக்கு மிகவும் பிடித்த கேள்வி, ஏனென்றால் எல்லோருடைய பிரச்சினையும் இதுதான். வேகமாகச் சுழலும் எதையும் வேறு திசைக்குத் திருப்பினால், திருப்பும் திசைக்குச் செங்குத்தாக ஒரு முறுக்கு பிறக்கும். செங்குத்து டிஸ்க் ரோபோ இடமோ வலமோ திரும்பினால் அந்த முறுக்கு ரோபோவை ஒரு பக்கமாகச் சாய்க்கப் பார்க்கும்.

அளவு தெரிந்துகொள்ளுங்கள். நம் டிஸ்கின் சுழல் உந்தம், அதாவது நிலைமத்தை விநாடிக்கு எத்தனை ரேடியன் என்ற சுழல் வேகத்தால் பெருக்கினால் வருவது, 17 பக்கம். ரோபோவின் எடை 15 கிலோ, நடுக்கோட்டிலிருந்து சக்கரம் 15 செமீ தள்ளி இருக்கிறது, அதனால் ரோபோவைத் தரையில் பிடித்து வைத்திருக்கும் முறுக்கு 22 நியூட்டன்-மீட்டர். 22-ஐ 17-ஆல் வகுத்தால் விநாடிக்கு 1.3 ரேடியன், அதாவது 74 டிகிரி. அதைவிட வேகமாகத் திரும்பினால் சக்கரம் தரையை விடும். அரைச் சுற்றுத் திரும்பிப் பின்னால் இருக்கும் எதிரியைப் பார்க்க இரண்டரை விநாடி ஆகும் என்று அர்த்தம். பக்கவாட்டில் வரும் எதிரிக்கு அது தாராளமான நேரம்.

மெக் பக்கம் சக்கரங்களை அகலமாக வைக்கலாம், டிஸ்கின் விட்டத்தைக் குறைக்கலாம். எலக்ட்ரிகல் பக்கம் ஒரு சின்ன ஜைரோ சென்சார் வைத்து, திரும்பும் வேகம் வரம்பைத் தாண்டாமல் மென்பொருளிலேயே கட்டுப்படுத்தலாம். டிரைவர் திரும்புவதற்கு முன் டிஸ்க் வேகத்தைக் கொஞ்சம் இறக்கிப் பழகலாம். மூன்றையும் கொஞ்சம் கொஞ்சம் செய்யும் அணிகள்தான் நன்றாக ஓட்டுகின்றன. சக்கரத்தை அகலப்படுத்தினால் சட்டமும் பெரிதாகி எடை ஏறும், அதனால் மெக் அணியை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

பெல்ட்டா, செயினா, நேரடியாக மோட்டார் மேலேயா?

15 கிலோவுக்கு என் ஓட்டு பெல்ட்டுக்கு. பல் எதிரியில் மாட்டி டிஸ்க் சட்டென்று நிற்கும்போது வழுவழுப்பான வி-பெல்ட் கொஞ்சம் வழுக்கிக் கொடுக்கும். அந்த வழுக்கல் மோட்டார் ஷாஃப்டை மட்டும் காப்பாற்றுவதில்லை, ஈஎஸ்சியையும் காப்பாற்றுகிறது. மோட்டார் திடீரென்று நின்றால் சென்சார் இல்லாத ஈஎஸ்சிக்கு ரோட்டார் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் போய், மின்னோட்டம் கண்டபடி ஏறும். செயின் வழுக்காது, அடியை முழுவதுமாகப் பின்னால் அனுப்பும், கழன்றால் உள்ளே இருக்கும் வயரையெல்லாம் வாரிச் சுருட்டும். பெல்ட்டுக்கும் எலக்ட்ரானிக்ஸுக்கும் நடுவில் ஒரு தடுப்புச் சுவர் வையுங்கள். அறுந்த பெல்ட்டும் சாட்டை மாதிரி வேலை செய்யும்.

பேட்டரியை எங்கே வைப்பது?

ரோபோவின் நடுவில், எல்லாப் பக்கமும் ஃபோம் சுற்றி, தனிப் பெட்டியில். அந்தப் பெட்டியின் உள்பக்கம் ஒரு திருகு முனைகூட எட்டிப் பார்க்கக்கூடாது. அடி வாங்கிச் சட்டம் 3 மிமீ உள்ளே வளைந்தால் எந்தத் திருகு பேட்டரியைக் குத்தும் என்று கேட் படத்தைப் பார்த்துக்கொண்டே ஒவ்வொன்றாக யோசியுங்கள். கிழிந்த லிப்போ எரிந்தால் தண்ணீர்க் குவளையை வைத்துக்கொண்டு அணைத்துவிட முடியாது.

இன்னொரு விஷயம் பல மெக் மாணவர்களுக்குத் தெரியாது, எலக்ட்ரிகல் மாணவர்கள் சொல்லவும் மறந்துவிடுகிறார்கள். பேட்டரியிலிருந்து ஈஎஸ்சிக்குப் போகும் வயர் எவ்வளவு சின்னதாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. நீளமானால் அந்த வயரின் தூண்டுதிறனால், ஈஎஸ்சி ஒவ்வொரு முறை மின்சாரத்தை வெட்டும்போதும் வோல்டேஜ் மேலே எகிறும், உள்ளே மின்சார ஸ்விட்சாக வேலை செய்யும் மாஸ்ஃபெட் அதைத் தாங்காது. ஈஎஸ்சிக்கும் மோட்டாருக்கும் நடுவில் உள்ள மூன்று வயரை நீட்டுங்கள், பேட்டரி பக்கம் நீட்டாதீர்கள். வேறு வழியே இல்லையென்றால் ஈஎஸ்சியின் வாசலிலேயே கூடுதல் கெப்பாசிட்டர் போடுங்கள். பெட்டி எங்கே என்று மெக் அணி போடும் ஒரு கோடு ஈஎஸ்சியின் ஆயுளைத் தீர்மானிக்கிறது என்று இதற்காகத்தான் சொல்கிறேன்.

ஓட்ட மோட்டாரின் ஈஎஸ்சி எரிந்துகொண்டே இருக்கிறது. தரமில்லாததா?

இருக்கலாம். ஆனால் முதலில் சக்கரத்தைப் பாருங்கள். எதிரியை முட்டிக்கொண்டு தள்ளும்போது சக்கரம் வழுக்க வேண்டும், மோட்டார் நின்றுவிடக் கூடாது. ரோபோவின் முழு எடையும் இரண்டு சக்கரத்தில் இருக்கிறது, பிடிமானம் 0.8 என்று வைத்தால் ஒரு சக்கரத்துக்கு 59 நியூட்டன். ஆரம் 4 செமீ, அப்படியானால் வழுக்க 2.35 நியூட்டன்-மீட்டர் தேவை. 12-க்கு 1 கியர்பாக்ஸ், 85 சதவீதம் திறன், 700 கேவி மோட்டார் என்றால் 17 ஆம்பியரில் சக்கரம் வழுக்க ஆரம்பித்துவிடும். 40 ஆம்பியர் ஈஎஸ்சி அதை நிம்மதியாகத் தாங்கும்.

இப்போது பிடிமானம் போதவில்லை என்று மெக் அணி யாரிடமும் சொல்லாமல் சக்கரத்தை 6 செமீ ஆரத்துக்கு மாற்றி, மென்மையான ரப்பரும் ஒட்டினால், அதே வழுக்கலுக்கு 25, 30 ஆம்பியர் வேண்டும். சுவரோடு மாட்டிக்கொண்டு மோட்டார் நின்றேவிட்டால் அதற்கு மேலும் போகும். எலக்ட்ரிகல் அணி ஈஎஸ்சியைத் திட்டிக்கொண்டிருக்கும், காரணம் சக்கரத்தில் இருக்கும்.

வெஸ்க் போன்ற கன்ட்ரோலரில் மின்னோட்ட வரம்பை நாமே வைக்கலாம். சுவீடனைச் சேர்ந்த பெஞ்சமின் வெடர் வடிவமைத்துத் திறந்த மூலமாக வெளியிட்டது அது. விலையும் இடமும் கொஞ்சம் கூடுதல்தான், ஆனால் வரம்பு வைக்க முடிவது பெரிய நிம்மதி. ஒன்று கவனியுங்கள்: டிஸ்கை மோட்டாராலேயே பிரேக் போட்டு நிறுத்தினால் டிஸ்கில் இருக்கும் ஆற்றலில் ஒரு பகுதி பேட்டரிக்குத் திரும்பி வரும். முழுக்க சார்ஜ் ஆன பேட்டரியில் வோல்டேஜ் 25.2-ஐத் தாண்டி ஏறி ஈஎஸ்சியின் உச்ச வரம்பைத் தொடலாம். பிரேக் எவ்வளவு, எத்தனை விநாடியில் என்பதை மெதுவான அமைப்பிலிருந்து ஆரம்பியுங்கள்.

சால்டர் செய்த இடம் உடைந்துபோகிறது. இன்னும் அதிகமாக ஈயம் வைக்கலாமா?

வேண்டாம். உடைவது பெரும்பாலும் சால்டர் செய்த இடத்திலேயே இல்லை, அதற்கு ஒரு சில மில்லிமீட்டர் தள்ளி. ஈயம் வயரின் இழைகளுக்குள் ஊறிப்போய் அந்தப் பகுதி கம்பி மாதிரி விறைத்துவிடும், விறைப்பு முடிந்து மென்மை ஆரம்பிக்கும் இடத்தில் ஒவ்வொரு அடிக்கும் வயர் மடங்கி மடங்கி அறும். ஈயம் கூடினால் விறைப்புதான் கூடும். வயரைச் சால்டருக்கு 2, 3 செமீ தள்ளி சட்டத்தோடு கட்டுங்கள். அந்தக் கட்டுக்கு இரண்டு துளை வேண்டும், அந்தத் துளைகள் தகடு வெட்டக் கொடுக்கும் படத்திலேயே இருக்க வேண்டும். பிட்டில் (போட்டி இடத்தில் அணிகள் ரோபோவைப் பழுது பார்க்கும் இடம்) உட்கார்ந்து டிரில் பண்ணினால் அலுமினியத் தூள் போர்டு மேல் விழும்.

வயர் போகும் ஒவ்வொரு துளைக்கும் ரப்பர் கிராமெட் போடுங்கள், விளிம்பை அரம் போட்டு மழுக்குங்கள். போர்டில் உயரமாக நிற்கும் கெப்பாசிட்டர்களை சிலிகான் பசையால் போர்டோடு ஒட்டுங்கள், இல்லையென்றால் முதல் பலமான அடியிலேயே கால் உடையும். ஈஎஸ்சியை நேரடியாகச் சட்டத்தில் திருகாமல் டிபியூவில் (ரப்பர் மாதிரி வளையும் பிளாஸ்டிக்) 3டி பிரின்டரில் அச்சடித்த தொட்டிலில் வையுங்கள். இதெல்லாம் சின்னச் சின்ன வேலை, அரைநாள் போதும், ஆனால் இதைச் செய்த ரோபோவும் செய்யாத ரோபோவும் இரண்டாவது சுற்றில் தெரிந்துவிடும்.

பெஞ்சில் நன்றாக ஓடுகிறது, மூடியைப் போட்டதும் சிக்னல் விட்டுவிட்டு வருகிறது. ஏன்?

அலுமினியமும் கார்பன் ஃபைபரும் 2.4 கிகாஹெர்ட்ஸை மறைக்கும். எல்லாப் பக்கமும் உலோகம் என்றால் ஆன்டெனாவுக்கு ஒரு ஜன்னல் விடுங்கள். மேல்மூடியின் ஒரு பகுதியை பாலிகார்பனேட்டிலோ யுஎச்எம்டபிள்யூ பிளாஸ்டிக்கிலோ செய்யலாம். ஆன்டெனாவின் முனை மோட்டார் வயரோடு சேர்த்துக் கட்டப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

டிஸ்க் சுற்ற ஆரம்பிக்கும்போது மட்டும் ரிசீவர் அணைந்து அணைந்து வந்தால் காரணம் வேறு: பேட்டரி வோல்டேஜ் இறங்கி ரிசீவருக்குப் போகும் 5 வோல்ட்டும் சரிகிறது. ஓட்ட ஈஎஸ்சியிலேயே 5 வோல்ட் கொடுக்க இருக்கும் பெக் என்ற சுற்றை நம்பாமல் ரிசீவருக்குத் தனி ரெகுலேட்டர் வையுங்கள்.

சட்டத்தை பேட்டரி நெகட்டிவோடு இணைக்க வேண்டுமா?

வேண்டாம். கார் பாடி வழக்கத்தை இங்கே கொண்டுவராதீர்கள். சட்டம் எதோடும் சேராமல் இருந்தால், அடியில் ஒரு வயர் உரிந்து சட்டத்தைத் தொட்டாலும் ஒன்றும் ஆகாது, இரண்டாவது வயரும் தொட்டால்தான் ஷார்ட். ஒவ்வொரு சண்டைக்கு முன்னும் மல்டிமீட்டரை வைத்து பேட்டரியின் இரண்டு முனைக்கும் சட்டத்துக்கும் தொடர்பு இருக்கிறதா என்று பாருங்கள். அரை நிமிட வேலை.

குளிர்விக்க ஃபேன் வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். சண்டை மூன்று நிமிடம்தான். மோட்டார் மவுண்ட் கனமான அலுமினியமாக இருந்தால் அந்த மூன்று நிமிடச் சூட்டை அதுவே வாங்கிக்கொள்ளும். ஃபேன் வைத்தால் அது உலோகத் தூளை உள்ளே இழுக்கும். ஒரு சண்டைக்கும் அடுத்ததற்கும் நடுவில் பிட்டில் மேசை ஃபேன் வைத்து ஆற விடுங்கள், மே மாதத்தில் மட்டும் கூடுதல் நேரம் கொடுங்கள்.

பாதுகாப்புக்கு யார் பொறுப்பு?

ஆளுக்கு ஒரு பொருள், எழுதி வைத்து. டிஸ்க் பூட்டு மெக் பக்கம் செய்ய வேண்டியது: அரங்குக்கு வெளியே ரோபோ இருக்கும் ஒவ்வொரு நொடியும் டிஸ்க் அசைய முடியாதபடி ஒரு ஸ்டீல் முள். கழற்றி எடுத்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் லிங்க் எலக்ட்ரிகல் பக்கம். ஆனால் அந்த லிங்க் எங்கே இருக்க வேண்டும் என்பது இரண்டு பேரின் முடிவு, ஏனென்றால் கையை டிஸ்குக்குக் கிட்டே கொண்டுபோகாமல் அதை எடுக்க முடிய வேண்டும். பின்பக்கம், மேலே, பெரிதாகத் துளை விட்டு வையுங்கள். ரோபோ தலைகீழாகக் கிடந்தால் எப்படி எடுப்பது என்றும் யோசியுங்கள்.

ஆன் பண்ணும் வரிசை: டிரான்ஸ்மிட்டர் முதலில், அப்புறம் லிங்கைப் போடுவது, எல்லோரும் வெளியேறும் தருணத்தில் கடைசியாக முள்ளை எடுப்பது. அணைக்கும்போது முள்ளைப் போடுவது முதலில், பிறகு லிங்கை எடுப்பது, டிரான்ஸ்மிட்டர் கடைசியில். சிக்னல் போனால் டிஸ்க்கும் சக்கரமும் தானாக நிற்க வேண்டும், இதை டிஸ்கையும் பெல்ட்டையும் கழற்றிவிட்டு டிரான்ஸ்மிட்டரை அணைத்துச் சோதியுங்கள்.

இந்த விளையாட்டு அமெரிக்காவில் 1994-ல் மார்க் தோர்ப் சான் பிரான்சிஸ்கோவில் நடத்திய ரோபோ வார்ஸோடு பெரிதாக ஆரம்பித்தது. அடுத்த வருடமே, 1995-ல், ஜேமி ஹைன்மனின் பிளெண்டோ என்ற சுழலும் ரோபோ எதிரியின் துண்டுகளைத் தடுப்புச் சுவரைத் தாண்டித் தூக்கி எறிந்ததால் அதை மேற்கொண்டு சண்டையிட விடவில்லை. இன்று 15 கிலோ ரோபோவில் இருக்கும் 5400 ஜூலை ஹாஸ்டல் வராந்தாவில் சோதிப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே பயமாக இருக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். தடிமனான பாலிகார்பனேட் அடைப்பு இல்லாமல் டிஸ்கைச் சுற்றவே கூடாது. லிப்போவை பேலன்ஸ் சார்ஜரில் (எல்லா செல்லையும் சமமாக சார்ஜ் செய்வது) மட்டும், ஆள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் சார்ஜ் செய்யுங்கள், வீங்கிய பேட்டரியை ரோபோவில் போடாதீர்கள்.

எங்கள் அணியில் மெக்குக்கும் எலக்ட்ரிகலுக்கும் எப்போதும் சண்டை. என்ன செய்வது?

சண்டை பெரும்பாலும் "முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்பதுதான். அதற்கு ஒரு பகிர்ந்த ஸ்ப்ரெட்ஷீட் போதும்: டிஸ்க் நிலைமம், விகிதம், கேவி, சக்கர ஆரம், ஆம்பியர் வரம்பு, ஒவ்வொரு பொருளின் உண்மையான எடை. யார் எதை மாற்றினாலும் அதில் தேதியோடு எழுத வேண்டும், எழுதாத மாற்றம் செல்லாது. போட்டிக்கு மூன்று வாரத்துக்கு முன் அதைப் பூட்டிவிடுங்கள்.

அப்புறம், ஆளை மாற்றி உட்கார வையுங்கள். மோட்டார் வயரை மெக் மாணவர் ஒருவர் சால்டர் செய்யட்டும், லேத்தில் ஷாஃப்ட் கடையும்போது எலக்ட்ரிகல் மாணவர் பக்கத்தில் நிற்கட்டும். பேரிங் இருக்கையில் நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் எதற்கு என்று தெரிந்தவர், மோட்டார் மவுண்டில் கண்டபடி துளையைப் பெரிதாக்கச் சொல்ல மாட்டார். இதை வகுப்பில் சொல்லிப் புரியவைக்க முடியாது.

பிட்டில் பழுது பார்க்க நேரமே போதவில்லை.

வடிவமைக்கும்போதே நேரம் பிடித்துப் பாருங்கள்: பேட்டரி மாற்ற எத்தனை திருகு, எத்தனை ஆலன் கீ? எல்லா மூடித் திருகும் ஒரே அளவாக இருக்கட்டும். ஒரு பக்க ஓட்ட மோட்டாரும் அதன் ஈஎஸ்சியும் ஒரே தட்டில் இருந்து, தட்டு முழுவதையும் இரண்டு கனெக்டர், நாலு திருகில் கழற்ற முடிந்தால், உடைந்ததை பிட்டில் சால்டர் செய்யாமல் தட்டையே மாற்றிவிடலாம். ஆயுத மோட்டாரின் மூன்று வயருக்கும் நிறம் குறியுங்கள். அவசரத்தில் இரண்டு இடம் மாறினால் டிஸ்க் எதிர்த்திசையில் சுற்றும், எதிரியைத் தூக்குவதற்குப் பதில் தரையோடு அமுக்கும்.

எந்த ரோபோக்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம்?

பைட் ஃபோர்ஸைப் பாருங்கள். பால் வென்டிமிக்லியாவின் ரோபோ, பேட்டில்பாட்ஸ் சாம்பியன் பட்டத்தை 2015, 2018, 2019 என்று மூன்று முறை வென்றது. முதல் முறை எதிரியைப் பிடித்துத் தூக்கும் ரோபோவாக, பின்னால் செங்குத்து ஸ்பின்னராக. ஆயுதமே மாறியும் வென்றது என்றால் எதில் பலம் இருந்தது என்று யோசியுங்கள். அது அடி வாங்கிய பிறகும் ஓடிக்கொண்டே இருக்கும். நியூசிலாந்திலிருந்து வந்து 2020-ல் வென்ற எண்ட் கேமும் செங்குத்து ஸ்பின்னர்தான். தோற்ற ரோபோக்களின் வீடியோவையும் நிறுத்தி நிறுத்திப் பாருங்கள், எந்த நொடியில் எது நின்றது என்று மெக், எலக்ட்ரிகல் இரண்டு பேரும் சேர்ந்து ஊகியுங்கள்.

15 கிலோவுக்குப் பணமில்லை. சின்னதாக ஆரம்பிக்கலாமா?

தாராளமாக. 3 பவுண்டு, அதாவது 1.36 கிலோ பிரிவில் சட்டத்தையே டிபியூவிலும் யுஎச்எம்டபிள்யூவிலும் செய்யலாம், மூன்று அல்லது நான்கு செல் சின்ன பேட்டரி போதும். ஐஐடி பம்பாயின் டெக்ஃபெஸ்ட் போன்ற பெரிய போட்டிகளுக்கு 15, 60 கிலோ என்று போவதற்கு முன், இந்த அளவில் இரண்டு பேர், ஒரு மெக் ஒரு எலக்ட்ரிகல், ஒரு முழு ரோபோவைச் செய்து முடித்துவிட முடியும். சின்னது என்று பாதுகாப்பில் சலுகை எடுக்காதீர்கள், 1.36 கிலோ ரோபோவின் டிஸ்க்கும் விரலைத் துண்டாக்கும். மேலே போட்ட கணக்குகளை அந்த அளவுக்கு மறுபடி போட்டு, முதல் தாளில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுவிட்டு கேட் திறங்கள்.